வத்தல்மலையிலிருந்து இறங்கிய பிறகு வந்த காய்ச்சல்

தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் வத்தல்மலைக்குப் போவதற்கு முன் அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். 24 கொண்டை ஊசி வளைவுகள், காப்பித் தோட்டங்கள், காலை நேரப் பனிமூட்டம், எந்தத் திருப்பத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்பது வரை விவரமாக எழுதியிருந்தார்கள். மலையை விட்டு இறங்கி ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. அந்த ஒரு வரி முன்பே என் கண்ணில் பட்டிருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் போன செலவும், ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியும், விடுதி அறையில் தனியாக நடுங்கிக் கிடந்த இரவுகளும் எனக்கு மிச்சமாகியிருக்கும். மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வந்த உண்ணிக் காய்ச்சலைப் பற்றிப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காரிமங்கலம். ஓசூரில் பெண்கள் விடுதி ஒன்றில் தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் வத்தல்மலையைச் சேர்ந்தவள். சாப்பாட்டு நேரத்தில் அவள் ஊரைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே எனக்கு அங்கே போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. தீபாவளி கழிந்த ஒரு வார இறுதியில் இருவருமாகப் போவதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் அவளுக்கு இரவுப் பணி போட்டுவிட்டார்கள். "நீ போய்ட்டு வாக்கா, எங்க அம்மா இருக்குது, ஆயா இருக்குது, உனக்கு ஒண்ணும் கொறை வெக்க மாட்டாங்க" என்று சொல்லி வீட்டுக்குப் போன் செய்து ஏற்பாடு செய்தாள். அப்படித்தான் நான் தனியாகப் போனேன்.

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் ஏறினால், அடிவாரத்தில் இருக்கும் கொமத்தம்பட்டியைத் தாண்டியவுடன் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. 24 வளைவுகளிலும் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டேதான் திருப்புகிறார். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். சாலை வருவதற்கு முன்பு நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள் என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். சாலை வந்த பிறகும் பேருந்து வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று என்றும் சொன்னார். பேருந்தில் போகிறவர்கள் இறங்கும்போதே நடத்துநரிடம் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டுவிட வேண்டும். மழையோ மூட்டமோ இருந்தால் அந்த நேரமும் மாறும். கையில் சில்லறையாகப் பணம் இருக்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் கைப்பேசிச் சிக்னலும் எல்லாக் குக்கிராமங்களிலும் கிடைப்பதில்லை. என்னுடையது அந்த வீட்டு வாசலில் கிடைத்தது, உள்ளே கிடைக்கவில்லை. இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்கள் பெட்ரோலைத் தருமபுரியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் நல்லது.

வத்தல்மலை என்பது ஒரே ஊர் அல்ல. பெரியூர், பால்சிலம்பு, ஒன்றியங்காடு, சின்னாங்காடு, மன்னாங்குழி என்று மலையின் மேல் பரந்து கிடக்கும் சிற்றூர்களின் தொகுப்பு அது. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் போன சமயத்தில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுத்த கதிரைக் களத்தில் போராக அடுக்கியிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் நின்றன. பச்சைக் காய்களுக்கு இடையில் அங்கங்கே பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் நுழைவதற்கு முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கார்களில் வந்து இறங்கிய சிலர் காப்பிப் பழத்தைக் கொத்தாகப் பறித்து, படம் எடுத்துவிட்டுக் கீழே போட்டுப் போனதைப் பார்த்த பிறகு சொல்லத் தோன்றுகிறது. அது ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உபசரிப்பை எழுதினால் தனியாகப் பல பக்கங்கள் ஆகும். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். பணம் கொடுத்தபோது அம்மா வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் அவர்களிடமே மிளகும் காப்பிக் கொட்டையும் விலை கொடுத்து வாங்கினேன். பேருந்துக் கட்டணம், வாங்கிய பொருள்கள் எல்லாம் சேர்த்தும் அந்தப் பயணத்துக்கு 1,500 ரூபாய்கூட ஆகவில்லை.

ஆயாவிடம், அதாவது அந்தப் பெண்ணின் பாட்டியிடம், நான் கவனித்த ஒரு பழக்கம் உண்டு. களத்துக்குப் போனாலும் காட்டோரம் விறகு பொறுக்கப் போனாலும் இடுப்பில் ஒரு பழைய சாக்கை மடித்துச் செருகிக்கொள்வார். எங்கே உட்கார்ந்தாலும் அதை விரித்துத்தான் உட்காருவார். எழுந்ததும் உதறுவார். வீடு திரும்பியதும் சேலையை மாற்றிவிட்டு வெந்நீரில் உடம்பைக் கழுவிக்கொள்வார். ஈரத்துக்காகவும் தூசுக்காகவும் அப்படிச் செய்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவரும் காரணம் எதுவும் சொல்லவில்லை, அது அவருக்குக் கை கால் அசைவதைப் போன்ற ஒரு காரியம். மறுநாள் பள்ளத்தாக்கு தெரியும் ஒரு மேட்டில், முன்பு பயிரிட்டுப் பிறகு கைவிடப்பட்ட ஒரு துண்டு நிலத்தில், முழங்கால் உயரப் புல்லில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரம் படுத்தும் இருந்தேன். அங்கே வந்திருந்த குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான் புல்லில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மாலைப் பேருந்தில் இறங்கி, அதே உடையோடு ஓசூர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. அப்படியே தூங்கிவிட்டேன். ஒரு கடியும் வலியும் அரிப்பும் எனக்குத் தெரியவில்லை.

ஏறக்குறைய பத்து நாள் கழித்து ஒரு மாலையில் அலுவலகத்திலேயே குளிர் எடுத்தது. இரவுக்குள் காய்ச்சல் 103 டிகிரியைத் தொட்டது. கண்ணுக்குப் பின்னால் இருந்து கிளம்புவது போன்ற தலைவலியும், தொடையிலும் முதுகிலும் எழுந்த உடல்வலியும் சேர்ந்து என்னைப் படுக்கையில் திரும்பிப் படுக்கவும் விடவில்லை. பாராசிட்டமால் போட்டால் இரண்டு மணி நேரம் வியர்த்து இறங்கும், பிறகு மீண்டும் ஏறும். விடுதியில் இருந்த மற்றப் பெண்கள் இது தொற்றிவிடுமோ என்று பயந்து கதவுக்கு வெளியே நின்று பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அடுத்த நாள் வேலைக்குப் போனால்தான் அவர்களுக்கும் சம்பளம். ஆனாலும் இரவு மூன்று மணிக்குத் தண்ணீர்ப் பாட்டிலை எட்டி எடுக்கக்கூட ஆள் இல்லாமல் கிடந்தபோது அழுகைதான் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டில் படுக்கையாக இருந்த பாட்டியை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த கிளினிக்கில் ஊசி போட்டு, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. அடுத்ததாக இரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்றும், டைபாய்டுக்கான வைடால் பரிசோதனையில் லேசாகக் காட்டுகிறது என்றும் சொல்லி, டைபாய்டு என்று முடிவு செய்தார்கள். நவம்பர் மாதத்தில் ஓசூரில் காய்ச்சலோடு ஒருவர் வந்தால் மருத்துவர் முதலில் டெங்குவை நினைப்பது நியாயம்தான். வைடால் பரிசோதனை வேறு காய்ச்சல்களிலும் பொய்யாகக் காட்டக்கூடியது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்றும் ஆதங்கமாக இருப்பது வேறு ஒன்று. நான் என்ன சாப்பிட்டேன், எந்தத் தண்ணீர் குடித்தேன், விடுதியில் கொசு உண்டா என்றெல்லாம் கேட்டவர்கள், கடந்த சில வாரங்களில் நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்கவே இல்லை. பத்து நாளுக்கு முன்பு முடிந்துபோன ஒரு சுற்றுலாவுக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கும் தோன்றுவதற்கு வழியில்லை.

காய்ச்சலின் முதல் வாரம் முடிவதற்குள் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். முன்பணமாக 20,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், என் சேமிப்பிலிருந்து கட்டினேன். அங்கே குளுக்கோஸும், செப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் ஏற்றினார்கள். ஊசி போட்டும் காய்ச்சல் அசையவில்லை. கல்லீரல் அளவுகள் ஏறியிருப்பதாகவும் இது ஏதோ வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்றும் சொன்னார்கள். ஒரு பெண் தனியாகப் படுத்திருந்தால் ஒவ்வொரு முறை மருந்துச் சீட்டு வரும்போதும் அதை எடுத்துக்கொண்டு கீழே மருந்தகத்துக்குப் போக ஆள் கிடையாது. கையில் ஊசிக் குழாயோடு நானே இறங்கிப் போனதும் உண்டு. சில நாள் கழித்துக் காய்ச்சல் சற்றுத் தணிந்தாற்போல் இருந்த ஒரு காலையில், வீட்டில் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். மொத்தப் பற்றுச்சீட்டு 38,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

அதற்கு மேல் தனியாகச் சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும் காரிமங்கலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றிரவே காய்ச்சல் திரும்பியது. அதோடு வறட்டு இருமலும், பேசினால் மூச்சு வாங்குவதும் சேர்ந்துகொண்டன. விடிந்ததும் அப்பா என்னைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கையிலிருந்த பரிசோதனைத் தாள்களையெல்லாம் நீட்டினேன். பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு மாசத்துக்குள்ள காடு, மலை, வயல்னு எங்கயாவது போனீங்களா?" என்பதுதான். வத்தல்மலை என்று சொன்னேன். திரையை இழுத்துவிட்டு, அப்பாவை வெளியே அனுப்பி, அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி, இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். சுடிதார் நாடா இறுக்கும் இடத்தில், முதுகுப் பக்கமாக, பீடி நெருப்பால் சுட்டது போல ஒரு சிறிய கரும்புண் இருந்தது. நடுவில் காய்ந்த கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அத்தனை நாளும் அது என் உடம்பில் இருந்திருக்கிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை, என் கண் எட்டாத இடம். அதுவரை என்னைப் பரிசோதித்தவர்கள் எல்லோரும் உடைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து முடித்துவிட்டிருந்தார்கள்.

இது ஸ்க்ரப் டைபஸ், தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். பெயர் ஒன்றுபோலக் காதில் விழுந்தாலும் டைபாய்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓரியன்டியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவால் வருவது. அதை மனிதனுக்குள் செலுத்துவது மாட்டின் மேலும் நாயின் மேலும் நாம் பார்க்கிற பெரிய உண்ணி அல்ல. மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய சிற்றுண்ணியின் இளம் பருவம்தான் கடிக்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் வெறும் கண்ணுக்குப் புலப்படுவது கடினம். வளர்ந்த பிறகு அது மனிதனைக் கடிப்பதில்லை. இளம் பருவத்தில் மட்டும் புல்லின் நுனியிலும் சருகின் மேலும் ஏறி, உரசிப் போகும் எலியையோ மனிதனையோ பற்றிக்கொண்டு, தோலின் திசுவைக் கரைத்து உண்கிறது. ஆடை இறுக்கமாகப் படியும் மடிப்புகளைத் தேடிப் போய் ஒட்டுவது அதன் வழக்கம். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவதால், ஒரு துண்டு நிலத்தில் அது இருந்தால் ஆண்டாண்டுக்கும் இருந்துகொண்டே இருக்கும். அடர்ந்த காட்டின் நடுவைவிட, காடு வெட்டப்பட்டுப் பயிர் செய்து பிறகு புதர் மண்டிய ஓரங்களிலும், எலிகள் மிகுந்த வயல் வரப்புகளிலும் இது மிகுதி. மழை முடிந்து புல் செழிக்கும் மாதங்களிலும் அதைத் தொடர்ந்த குளிர்காலத்திலும் தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் அதிகமாகிறது. சுற்றுலாவுக்கு மலை அழகாக இருக்கும் காலமும், நாம் போய் உட்காரத் தேர்ந்தெடுக்கும் இடமும் அப்படியே இதனோடு பொருந்திப் போகின்றன.

கடித்து 6 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலும் பத்து நாளை ஒட்டி வருகிறது. கரும்புண் எல்லோருக்கும் வருவதில்லை, ஆகவே அது இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஐஜிஎம் எலைசா என்ற இரத்தப் பரிசோதனையில் இது தெரியும் என்றாலும், காய்ச்சலின் தொடக்க நாள்களில் எடுத்தால் தெரியாமல் போகலாம். அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்தால் ஆய்வக முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதலே சொல்கிறது. எனக்கும் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த கையோடு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கிருமி நம் உடலின் செல்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. பென்சிலின் வகையும், எனக்கு ஓசூரில் ஏற்றிய செப்ட்ரியாக்சோன் வகையும் இதன்மேல் வேலை செய்வதில்லை. டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒன்றின் விலை சில ரூபாய்தான். மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் இரவு எனக்குக் காய்ச்சல் இறங்கியது, பிறகு ஏறவில்லை. அத்தனை பெரிய தொகையைச் செலவழித்தும் கிடைக்காத நிம்மதி, செலவே இல்லாத ஒரு வார்டில் கிடைத்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் இப்படி எளிதாக முடிவதில்லை. என் கட்டிலுக்கு எதிரே அரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா செயற்கை சுவாசத்தில் இருந்துவிட்டு வார்டுக்கு மாற்றப்பட்டவர். மாடு மேய்ப்பவர். உள்ளூரிலேயே ஊசி போட்டுக்கொண்டு இரண்டாம் வாரம் வரை கடத்திவிட்டதாக அவர் மகன் சொன்னார். தாமதமானால் நுரையீரல், மூளை உறை, சிறுநீரகம் எல்லாவற்றையும் இது தாக்கும். தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்கும் இரண்டும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் தாங்களாகவே டாக்ஸிசைக்ளின் வாங்கி விழுங்கிவிடக் கூடாது. கருவுற்றிருப்பவர்களுக்கு அசித்ரோமைசின்தான் கொடுக்கிறார்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கேள்வியை நாம் கேட்கலாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், "நான் இந்தத் தேதியில் மலைக்குப் போனேன், புல்லில் உட்கார்ந்தேன், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அதை ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. 103 டிகிரியில் நமக்கு நம் பெயரே சரியாக வராது. பெண்கள், முடிந்தால், பெண் மருத்துவரைக் கேட்டுப் பெற்று உடல் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே வீட்டில் கண்ணாடியும் கைப்பேசிக் கேமராவும் வைத்துக்கொண்டு முதுகு, இடுப்பு, அக்குள் எல்லாவற்றையும் நாமே பார்த்துவிடலாம்.

போகும்போது செய்ய வேண்டியவை எளியவைதான். முழுக்கைச் சட்டையும், பேண்ட்டின் கீழ் நுனியைச் சாக்ஸுக்குள் செருகியும் போட்டுக்கொள்ள வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. புல்லில் நேரடியாக உட்காரவோ படுக்கவோ, கழற்றிய துணியைப் புதரின் மேல் போடவோ கூடாது. தடித்த விரிப்பு ஒன்றை எடுத்துப் போய், திரும்பும்போது நன்றாக உதறிவிட்டு, வீட்டில் மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும். டீட் என்ற பொருள் கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பு மருந்தகங்களில் கிடைக்கிறது, அதைக் கணுக்காலிலும் கையிலும் பூசிக்கொள்ளலாம். திரும்பி வந்ததும், எவ்வளவு நேரமானாலும், உடையைக் களைந்துவிட்டுச் சோப்புத் தேய்த்துக் குளிக்க வேண்டும். உண்ணி ஒட்டிக்கொள்வதற்கு முன்பாக இருந்தால் அதிலேயே போய்விட வாய்ப்பு உண்டு. உடைகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. விடுதிப் பெண்கள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதை அவர்களிடமும் பிறகு சொன்னேன்.

வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் படியேறினால் கால் நடுங்கியது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. விடுப்பெல்லாம் தீர்ந்து சம்பளப் பிடித்தத்தில் போயிற்று. பணக் கணக்கைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் சம்பளம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு அப்போதிருந்த 21,000 ரூபாய் வரம்பைச் சற்றே தாண்டியது என்பதால் நிறுவனத்தின் குழுக் காப்பீடு மட்டுமே எனக்கு இருந்தது. அது மருத்துவமனையில் சேர்ந்து தங்கிய செலவுக்குத்தான் பொருந்தும். கிளினிக் கட்டணம், வெளியில் எடுத்த பரிசோதனைகள், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. முன்பணம் கட்டிய ரசீதும், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும், மருந்தகத்தின் ஒவ்வொரு சீட்டும் அசலாக வேண்டும் என்று கேட்டார்கள். நான் தனியாக இருந்த நாள்களில் சில மருந்துச் சீட்டுகள் எங்கோ போய்விட்டன, அந்தத் தொகை வரவில்லை. தனியாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒரு உறையை வைத்துக்கொண்டு, வாங்கும் ஒவ்வொரு தாளையும் அதில் போடுவதோடு அப்போதே படமும் எடுத்துவிடுங்கள்.

உடம்பு தேறியதும் வத்தல்மலைப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஊருக்குப் போன் செய்து கேட்டாள். அறுப்புக் காலத்தில் விடாத காய்ச்சல் வருவதும், சிலருக்கு இடுப்பில் கருப்பாகப் பொருக்குக் கட்டுவதும் அங்கே பழைய சங்கதிதான் என்று ஆயா சொன்னாராம். நாங்கள் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரும் அந்தப் புல்லில்தான் அவர்கள் மாதக்கணக்கில் குனிந்து அறுக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் 24 வளைவுகளையும் இறங்கித்தான் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். அன்றைய கூலியும் போகும். அந்த மருத்துவர் எனக்குக் காட்டிய கரும்புண்ணின் படத்தை அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் அதைத் தன் ஊர்க் குழுவில் போட்டு, இப்படி இருந்தால் காட்டச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாள். தை மாதம் காப்பிப் பழம் பறிக்கும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம், விரிப்பை நான் வாங்கி வைத்துவிட்டேன்.